சமையலறைச் சுவருக்குக் கண்ணாடியா, மார்பிளா? குளியலறைச் சுவருக்கு என்ன போடலாம்?

நீலவாசல்

வணக்கம். சமையலறையையும் ஒரு குளியலறையையும் புதுப்பிக்க இறங்கியிருக்கிறோம். மேடைக்கல், அலமாரி எல்லாம் முடிவாகிவிட்டது. சுவரில்தான் இழுபறி. அடுப்புக்குப் பின்னால் வெள்ளை மார்பிள், அதுவும் இணைப்பே தெரியாமல் ஒரே பலகையாக வேண்டும் என்று எனக்கு ஆசை. கணவர் வண்ணக் கண்ணாடிதான் என்று நிற்கிறார். வேலை எடுத்திருப்பவர் இரண்டும் வேண்டாம், அக்ரிலிக் தகடு ஒட்டினால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்கிறார்.

குளியலறையில் பழைய டைல்ஸை உடைக்காமல் அதன் மேலேயே புது டைல்ஸ் ஒட்டலாம் என்பதும் அவர் யோசனைதான். தூசி இல்லை, செலவும் குறைவு. ஷவர் பக்கம் மூலைகளில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கிறது. தேய்த்தால் போகிறது, இரண்டு வாரத்தில் திரும்பி வந்துவிடுகிறது. அந்தச் சுவரின் மறுபக்கம் படுக்கையறை. அங்கே முழங்கால் உயரம் வரை பெயிண்ட் கொப்புளம் விட்டு உதிர்கிறது. பெயிண்ட் அடிக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருக்கிறோம்.

சீக்கிரம் பொருள் வாங்கியாக வேண்டும். என்ன போடலாம், சொல்லுங்கள்.

வாடகைவீடு

அக்ரிலிக்கை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சுமார் 100 டிகிரி செல்சியஸிலேயே இளக ஆரம்பிக்கும் பிளாஸ்டிக் அது. அகலமான பாத்திரம் வைத்தால் கேஸ் சுடர் ஓரமாக வழிந்து பின்சுவரை நக்கும். அந்தச் சூட்டில் வளையும், தீப்பிடிக்கவும் கூடும். பாத்திரம் கழுவும் தொட்டிக்குப் பின்னால் போடலாம், தவறில்லை. பி.வி.சி. தகடு இன்னும் பயந்த சுபாவம், 80 டிகிரிக்குள்ளேயே தளர்ந்துவிடும்.

தூக்குக்குண்டு

மார்பிள், கண்ணாடி எல்லாவற்றையும் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். படுக்கையறையில் பெயிண்ட் கொப்புளிக்கிறது என்று கடைசியில் போகிறபோக்கில் எழுதினீர்களே, முதல் வரியில் எழுதியிருக்க வேண்டியது அதைத்தான்.

நான் டைல்ஸ் வேலை செய்கிறவன். டைல்ஸ் ஒட்டினால் சுவருக்குள் தண்ணீர் போகாது என்று எல்லாரும் நம்புகிறார்கள். டைல்ஸ் வழியாகப் போகாமல் இருக்கலாம், இடுக்கு வழியாகப் போகும். அந்த இடுக்கை நிரப்பும் சிமெண்ட் கிரௌட் தண்ணீரை உறிஞ்சும். தினமும் குளிக்கும் இடத்தில் அந்த ஈரம் பின்னாலிருக்கும் பூச்சுக்குப் போய், செங்கல்லைத் தாண்டி, காற்றுபடும் பக்கமாக வெளியே வரும். உங்கள் வீட்டில் அந்தக் காற்றுபடும் பக்கம் படுக்கையறை. தண்ணீர் ஆவியாகிவிடும், அதோடு வந்த உப்பு மட்டும் பெயிண்டுக்கு அடியில் தங்கிப் படிகமாகி, பெயிண்டைத் தள்ளும். சுவர் உப்புப் பூத்துவிட்டது என்கிறோமே, இதுதான். மேலே எத்தனை கோட் அடித்தாலும் மறுபடி உரியும்.

முதலில் ஒரு சோதனை. பத்து நாள் அந்த ஷவரைப் பயன்படுத்தாதீர்கள். படுக்கையறைச் சுவர் மெல்லக் காய ஆரம்பித்தால் கிரௌட், மூலை, தரை வடிகால் இவற்றில் எங்கோதான் ஒழுக்கு. காயவே இல்லை என்றால் சுவருக்குள் போகும் குழாயைச் சந்தேகப்படுங்கள். அப்போது பிளம்பரைக் கூப்பிட்டு அழுத்தம் ஏற்றிப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, ஒரு நாணயத்தை எடுத்து ஷவர் பக்கம் ஒவ்வொரு டைல்ஸையும் தட்டுங்கள். ‘டக்’ என்று கெட்டியாகக் கேட்டால் சரி. பொக்குச் சத்தம் வந்தால் பின்னால் பிடிப்பு இல்லை.

பழைய டைல்ஸ் மேல் புது டைல்ஸ் ஒட்டுவது கெட்ட வழக்கம் என்று சொல்ல மாட்டேன். பழையது கெட்டியாக, மட்டமாக, உலர்ந்து இருந்தால், மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, அதற்கென்று உள்ள பசையால் ஒட்டலாம். நானே ஒட்டியிருக்கிறேன். ஈரம் ஊறிய சுவரில் அதைச் செய்தால் புண்ணை ஆற்றாமல் மேலே கட்டுப் போட்ட கதை.

நீலவாசல்

என்ன டைல்ஸ் வாங்கலாம் என்று கேட்க வந்தேன், சுவரை உடைக்கச் சொல்கிறீர்கள்! :)

தட்டிப் பார்த்தேன். ஷவர் குழாய்க்குக் கீழே இரண்டு வரிசை முழுக்கப் பொக்கு. ஒன்று லேசாக ஆடவே செய்கிறது. கணவரிடம் இன்னும் சொல்லவில்லை.

வெண்கல்

மார்பிள் ஆசைக்கு நான் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதே ஆசையில் விழுந்து எழுந்தவள் நான்.

மார்பிள் என்பது கால்சியம் கார்பனேட். புளிப்பான எது பட்டாலும் மேற்பரப்பின் பளபளப்பை அமிலம் அரித்துவிடும். கறை என்று நினைத்துத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். கறை இல்லை, கல்லே கரைந்து மங்கிப்போன இடம் என்று பிறகுதான் புரிந்தது. சீலர் என்ற காப்புத் திரவம் அடித்தால் சரியாகும் என்று விற்றவர் சொன்னார். சீலர் எண்ணெயும் நிறமும் கல்லுக்குள் இறங்குவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். அமில அரிப்பை அது தடுக்காது. மங்கலாக, பளபளப்பில்லாமல் இழைத்த மார்பிள் வாங்கினால் இந்தத் தழும்புகள் அவ்வளவாகக் கண்ணில் படாது. ஆனால் அந்த இழைப்பில் எண்ணெய் இன்னும் சுலபமாக இறங்கும். ஒன்றை ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

மேலும் ஒரு விஷயம். மார்பிளின் ஓரத்தில் சாதாரண, வினிகர் வாடை வீசும் சிலிக்கான் பசையைப் பூசிவிட்டார்கள். அதுவும் அமிலம்தான். ஓரமெல்லாம் கறை ஏறிவிட்டது. இயற்கைக் கல்லுக்கு நியூட்ரல் சிலிக்கான் என்று கேட்டு வாங்க வேண்டும். கண்ணாடி ரசத்துக்கும் அதே விதி.

இன்றைக்கு வாங்குவதானால் மார்பிள் ரேகை அச்சிட்ட போர்சிலைன் (பீங்கான்) பலகையைத்தான் வாங்குவேன். போர்சிலைன் என்று சொல்லிக்கொள்ள அது உறிஞ்சும் தண்ணீர் தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது. எண்ணெயோ அமிலமோ சூடோ அதை ஒன்றும் செய்யாது. 6 மி.மீ. தடிமனில் ஆளுயரத்தைத் தாண்டிய பலகைகள் கிடைக்கின்றன, உங்கள் ‘இணைப்பு தெரியக்கூடாது’ ஆசையும் நிறைவேறும். கிட்டத்தில் போய்ப் பார்த்தால் அச்சு என்று தெரியும். எனக்குத் தெரிகிறது. வருகிறவர்கள் யாரும் இதுவரை கேட்டதில்லை.

மணல்கடிகாரம்

வெண்கல், குவார்ட்ஸை விட்டுவிட்டீர்களே? எங்கள் வீட்டில் மேடையும் பின்சுவரும் ஒரே குவார்ட்ஸ். எட்டு வருடமாக ஒரு கறை இல்லை.

வெண்கல்

உங்களுடையது மின்தூண்டல் (இன்டக்ஷன்) அடுப்பா, கேஸா? குவார்ட்ஸ் என்று விற்பது படிகக் கல்தூளைப் பிசினில் கலந்து இறுக்கியது. கல் சூட்டைத் தாங்கும், பிசின் தாங்காது. சுமார் 150 டிகிரியைத் தாண்டினால் நிறம் மாறும், வெடிக்கவும் செய்யலாம். சுடர் இல்லாத அடுப்பு என்றால் பயமில்லை.

மணல்கடிகாரம்

மின்தூண்டல்தான். சரி, அதனால் பிழைத்தேன்.

தூக்குக்குண்டு

அதை வெட்டுகிறவன் பிழைக்க வேண்டுமே. குவார்ட்ஸ் பலகையை உலர வெட்டினால் பறக்கும் சிலிக்காத் தூசி நுரையீரலில் போய்த் தங்கும், சிலிக்கோசிஸ் என்ற நுரையீரல் நோய் வரும், வந்தால் குணமாகாது. கல் வெட்டும் இளம் வயதுத் தொழிலாளர்களுக்கே அந்த நோய் வந்ததைப் பார்த்துவிட்டு ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தப் பலகைகளைச் செய்வது, விற்பது, பொருத்துவது எல்லாவற்றையும் தடைசெய்தது. வேறு கல், போர்சிலைன் வெட்டும்போதும் சிலிக்காத் தூசி உண்டு, அளவுதான் குறைவு. உங்கள் வீட்டில் யார் எதை வெட்டினாலும் தண்ணீர் விட்டு வெட்டச் சொல்லுங்கள். முகத்தில் துணி கட்டிக்கொள்வது போதாது.

விளிம்பு

கண்ணாடிக் கட்சிக்காரர் யாரும் வரவில்லையே என்று நானே வருகிறேன். கண்ணாடி வெட்டும் பட்டறையில் வேலை.

அடுப்புக்குப் பின்னால் போடுவது டஃபன்டு கண்ணாடியாகத்தான் இருக்க வேண்டும், வழக்கமாக 6 மி.மீ. சாதாரணக் கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, சடாரென்று காற்றடித்துக் குளிர்வித்தால் அது டஃபன்டு. நான்கைந்து மடங்கு பலம் கூடும், ஒரு பக்கம் மட்டும் சூடேறினாலும் விரிசல் விடாது. இதில் ஒரு சங்கடம்: அந்தச் சூளைக்குள் போய் வந்த பிறகு அதை வெட்டவோ துளைக்கவோ முடியாது. முயன்றால் மொத்தமும் சிறு துகள்களாக உதிர்ந்துவிடும். ஆகவே ஸ்விட்ச் போர்டுக்கான ஓட்டை, குழாய்க்கான ஓட்டை, ஓர வளைவு எல்லாம் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

அதனால்தான் நாங்கள் மேடைக்கல் உட்கார்ந்த பிறகுதான் அளவெடுப்போம். வரைபடத்தைக் காட்டி ‘இதிலேயே அளவு இருக்கிறதே’ என்பார்கள். எந்தச் சுவரும் வரைபடத்தைப் படித்துவிட்டு நிற்பதில்லை. 3 மி.மீ. கோணலாக இருந்தால்கூடக் கண்ணாடி அதைக் காட்டிக்கொடுக்கும். அளவெடுத்து, செய்து, கொண்டுவருவதற்குள் சில நாள் சமையலறைச் சுவர் வெறுமையாக இருக்கும். அதைச் சகித்துக்கொள்ள வேண்டும்.

நிறத்தைப் பற்றி ஒன்று. சாதாரணக் கண்ணாடியில் இரும்புச் சத்து இருப்பதால் பச்சை சாயல் அடிக்கும். பின்னால் வெள்ளை பூசினால் முன்னால் வெளிர்பச்சையாகத் தெரியும். வெள்ளையோ இளநிறமோ வேண்டுமென்றால் இரும்பு குறைந்த கண்ணாடி என்று குறிப்பிட்டுக் கேளுங்கள், விலை கூடும். அடர்நிறத்துக்கு அது தேவையில்லை.

கண்ணாடி தீப்பிடிக்காது, சரி. ஆனால் சூட்டைக் கடத்தும். பின்னால் பிளைவுட் இருந்தால் அது கருகும். அடுப்புக்குப் பின்னால் எரியாத சுவர் வேண்டும்.

வாடகைவீடு

துடைக்கும் வேலையைப் பற்றியும் சொல்லுங்கள் விளிம்பு. கறுப்புக் கண்ணாடி போட்ட என் சித்தி வீட்டில் கையில் எப்போதும் துணி இருக்கும்.

விளிம்பு

உண்மைதான். அடர்நிறமும் பளபளப்பும் சேர்ந்தால் ஒவ்வொரு துளியும் தெரியும். உப்புத் தண்ணீர் உள்ள இடத்தில் குளியலறையில் கறுப்புப் பளபள டைல்ஸ் போட்டாலும் இதே கதி, காய்ந்தவுடன் சுண்ணாம்புப் புள்ளிகள் எழும். இடைப்பட்ட சாம்பல், மணல் நிறம்தான் அழுக்கை மறைக்கும். பட்டறைக்காரன் நானே இதைச் சொல்லக் கூடாது, என் வீட்டில் எவர்சில்வர் தகடுதான்.

கைப்பிடி

எவர்சில்வர் என்றதும் வந்துவிட்டேன். உணவுவிடுதிச் சமையலறைகளில் சுவரெல்லாம் அதுதானே, காரணம் இல்லாமலா? சூடு, எண்ணெய், நீராவி எதற்கும் அஞ்சாது. 304 ரகம் போதும். அதில் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். கடலோர வீடென்றால் மாலிப்டினம் சேர்ந்த 316. குளோரின் கலந்த கழுவு திரவம் மட்டும் ஆகாது, புள்ளிபுள்ளியாக அரிக்கும். கோடுகள் ஓடும் திசையிலேயே துடைக்க வேண்டும், குறுக்கே தேய்த்தால் கீறல் நிரந்தரம். பாத்திரம் இடித்தால் நசுங்கும், அதற்கும் பின்னால் கெட்டியான பலகை வேண்டும்.

நீலவாசல்

எல்லாருக்கும் நன்றி. ஒன்பது நாள் ஷவரை மூடி வைத்தோம். படுக்கையறைச் சுவர் விளிம்பிலிருந்து வெளுத்துக் காய ஆரம்பித்துவிட்டது. ஆக, குழாய் இல்லை. உடைக்கிறோம். கணவரிடம் சொன்னபோது அவர் அமைதியாக இருந்தது எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த கேள்வி: உடைத்த பிறகு என்ன செய்யச் சொல்ல வேண்டும்? வேலை எடுத்தவர் ‘தண்ணீர் தடுக்கும் திரவத்தைச் சிமெண்டில் கலந்து பூசிவிடுவேன்’ என்கிறார். அது போதுமா?

தூக்குக்குண்டு

பூச்சில் கலப்பது உபயோகம்தான், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். பூச்சு ஒரு முடி அளவு விரிந்தாலும் அந்த வழியே தண்ணீர் போகும். பூச்சு நன்றாக உலர்ந்த பிறகு, மேலே ரப்பர் போல இழுபடும் சவ்வு ஒன்று வர வேண்டும். தூரிகையால் இரண்டு கோட். முதல் கோட் குறுக்கே அடித்தால் இரண்டாவதை நெடுக்கே அடிக்க வேண்டும், அப்போதுதான் விட்டுப்போன இடம் தெரியும். சுவரும் தரையும் சேரும் இடம், சுவரும் சுவரும் சேரும் மூலை, வடிகால் வாய், குழாய் வெளியே வரும் துளை, இந்த நான்கிலும் முதல் கோட் ஈரமாக இருக்கும்போதே வலைத்துணி பதித்து அதன் மேல் அடிக்கச் சொல்லுங்கள். ஒழுக்கு என்று என்னைக் கூப்பிட்ட வீடுகளில் பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்றுதான் குற்றவாளி. ஷவர் பக்கம் ஆளுயரத்துக்கு மேல், தண்ணீர் தெறிக்கும் உயரம் முழுக்க ஏற்றுங்கள். முழங்காலோடு நிறுத்தாதீர்கள்.

சவ்வு காய்ந்ததும் வடிகாலை அடைத்துத் தரையில் தண்ணீர் கட்டுங்கள். மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்துவிட்டு 24 மணி நேரம் யாரையும் உள்ளே விடாதீர்கள். மட்டம் இறங்கக் கூடாது, கீழேயும் பக்கத்து அறையிலும் ஈரம் தெரியக் கூடாது. இது முடியாமல் ஒரு டைல்ஸ்கூட ஒட்டவிடாதீர்கள்.

ஒட்டும்போது கவனிக்க வேண்டியது: போர்சிலைன் தண்ணீரை உறிஞ்சாது என்று மேலே ஒருவர் எழுதினார். அதே காரணத்தால் சாதாரண சிமெண்ட் பாலும் அதில் பிடிக்காது. பாலிமர் கலந்த டைல்ஸ் பசை வேண்டும், மூட்டையில் சி2 என்று போட்டிருக்கும். சி1 ரகத்துக்கு ஒரு சதுர மி.மீ.க்கு 0.5 நியூட்டன் பிடிப்பு என்றால் இதற்கு 1 நியூட்டன். பல் வைத்த கரண்டியால் ஒரே திசையில் கோடு இழுத்து ஒட்ட வேண்டும். நான்கு மூலையிலும் நடுவிலும் ஐந்து உருண்டை வைத்து அமுக்குகிறவரைக் கண்டால் அங்கேயே நிறுத்துங்கள். இடையிலிருக்கும் வெற்றிடத்தில்தான் தண்ணீர் தேங்கும், உங்கள் பழைய டைல்ஸ் பொக்கானதும் அப்படித்தான் இருக்கும். ஒட்டியதில் எப்போதாவது ஒன்றைப் பிடுங்கிப் பின்பக்கம் பாருங்கள். ஈரப் பகுதியில் 95 சதவீதமாவது பசை பரவியிருக்க வேண்டும்.

உளிமுனை

கிரௌட்? எபாக்சி பிசின் வகைதானே? சிமெண்ட் கிரௌட்டை இன்னுமா யாராவது போடுகிறார்கள்?

தூக்குக்குண்டு

போடுகிறோம். எபாக்சி உறிஞ்சாது, கறை பிடிக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கலந்த பிறகு கையில் இருக்கும் நேரம் கொஞ்சம்தான், சூடான நாளில் இன்னும் குறைவு. பழக்கமில்லாதவர் பூசினால் டைல்ஸ் முகத்தில் மெல்லிய பசைப்படலம் காய்ந்து நின்றுவிடும். அப்புறம் சுரண்டவும் முடியாது, விடவும் முடியாது. இன்னொரு தப்பெண்ணம்: எபாக்சி போட்டால் சவ்வு வேண்டாம் என்று சொல்லித் திரிகிறார்கள். மூலையில் சுவர் அசையும்போது எபாக்சியும் விரிசல் விடத்தான் செய்யும்.

உளிமுனை

அதற்காக ஆறு மாதத்துக்கு ஒருமுறை கறுத்த கிரௌட்டைப் பல்துலக்கியால் தேய்த்துக்கொண்டிருக்க முடியுமா? அடுப்புக்குப் பின்னால் சிமெண்ட் கிரௌட் எண்ணெய் குடித்து மஞ்சளாகும். அங்கேயாவது எபாக்சி வேண்டும்.

தூக்குக்குண்டு

அடுப்புக்குப் பின்னால் என்றால் உங்கள் பக்கம் வந்துவிடுகிறேன். ஷவரிலும் கைதேர்ந்தவர் கிடைத்தால் எபாக்சி. கிடைக்காவிட்டால் நல்ல சிமெண்ட் கிரௌட்டில் தண்ணீரை அளந்து ஊற்றுங்கள். கொழகொழவென்று கலந்தால் பலமும் போகும், நிறமும் திட்டுத்திட்டாகும். கழுவ அமிலம் ஊற்றாதீர்கள், கிரௌட்டைத் தின்றுவிடும். மூலைகளில் மட்டும் சிமெண்டும் வேண்டாம், எபாக்சியும் வேண்டாம். பூஞ்சை எதிர்ப்புச் சிலிக்கான். சுவர்கள் அசையும் இடம் அது.

நிழற்குடை

டைல்ஸே இல்லாத குளியலறை பற்றி யாரும் பேசவில்லையே? மொரோக்கோவின் தாதலாக்த் பூச்சைப் பார்த்ததிலிருந்து எனக்கு டைல்ஸ் பிடிக்கவில்லை. சுண்ணாம்பைப் பூசி, வழுவழுக் கல்லால் தேய்த்து, ஆலிவ் எண்ணெயில் செய்த கருஞ்சோப்பைத் தடவுகிறார்கள். சோப்பும் சுண்ணாம்பும் வினைபுரிந்து நீர் ஒட்டாத மேற்பரப்பாகிவிடுகிறது. மொரோக்கோவின் ஹம்மாம் என்ற பொதுக் குளியலிடங்களின் சுவர் அதுதான். ஒரு இடுக்குகூட இல்லை.

வெண்கல்

அழகுதான், கையால் தேய்க்கத் தெரிந்தவர் வேண்டுமே. அதுவும் சுண்ணாம்பு, அமிலக் கழுவு திரவம் பட்டால் என் மார்பிள் கதைதான். இடுக்கில்லாத தோற்றத்துக்கு மைக்ரோசிமெண்ட் என்ற மெல்லிய சிமெண்ட் பூச்சு இருக்கிறது, 2 முதல் 3 மி.மீ. தடிமன். அதன் காவல் முழுக்க மேலே அடிக்கும் சீலரிடம். சீலர் தேய்ந்தால் புதுப்பிக்க வேண்டும். இதற்கும் பின்னால் சவ்வு உண்டு, தப்பிக்க முடியாது.

வாடகைவீடு

ஷவர் இல்லாத சுவருக்கு வெறும் பெயிண்டே போதும். கழுவித் தாங்கும் ரகமா என்று டப்பாவில் பாருங்கள், முதல் வகுப்பு என்றால் 200 முறை தேய்த்தும் 5 மைக்ரான் தடிமனுக்குக் குறைவாகத்தான் இழக்கும். பூஞ்சைக்குப் பெயிண்டைவிடக் காற்றோட்டம் முக்கியம். குளித்த பிறகு எக்ஸாஸ்ட் விசிறி 20 நிமிடம் ஓடட்டும்.

நீலவாசல்

முடிவு சொல்ல வந்தேன். அடுப்புச் சுவருக்கு மார்பிள் ரேகைப் போர்சிலைன் பலகை. கணவரின் கண்ணாடி தொட்டிக்குப் பின்னால் போகிறது, அடர்நீலம். குளியலறைக்கு சாதாரண வெள்ளை 3க்கு 6 அங்குல டைல்ஸ், செங்கல் வரிசையில். 1904இல் நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களுக்குப் போட்ட அதே அளவாம், பழசாகாது என்று நினைத்துக்கொண்டேன். இடுக்கு அதிகம் என்று திட்டுவீர்கள், தெரியும்.

தூக்குக்குண்டு

திட்டவில்லை. சின்ன டைல்ஸை அரைக்கு அரை தள்ளி வைக்கலாம். நீள டைல்ஸ் என்றால் நடுவில் லேசான வளைவு இருக்கும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தள்ளினால் ஓரம் தூக்கும். பத்து சதவீதம் கூடுதலாக, ஒரே பேட்ச் எண்ணில் வாங்குங்கள். மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

நீலவாசல்

அவசரம். சவ்வு அடித்து நான்கு நாள் காயவிட்டோம். நேற்று மாலை தண்ணீர் கட்டினோம். இன்று காலை பென்சில் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே! படுக்கையறைச் சுவரைத் தடவித் தடவிப் பார்க்கிறேன், ஈரம் எங்கேயும் இல்லை. வேலை எடுத்தவர் ‘வெயிலில் ஆவியாகியிருக்கும்’ என்கிறார். மறுபடி உடைக்க வேண்டுமா?

தூக்குக்குண்டு

மூடிய அறையில் ஒரே இரவில் இரண்டு விரல் ஆவியாகாது. பதறாமல் முதலில் வடிகாலில் எதை வைத்து அடைத்தீர்கள் என்று சொல்லுங்கள்.

நீலவாசல்

பாலித்தீன் பைக்குள் துணியைச் சுருட்டித் திணித்திருக்கிறார்கள். பக்கத்தில் காதை வைத்தால் சலசலவென்று கேட்கிறது.

தூக்குக்குண்டு

காற்றடித்து இறுக்கும் ரப்பர் அடைப்பான் ஒன்று வாங்கிவரச் சொல்லுங்கள். புதுக் கோடு போடுங்கள். நாளைக் காலை வந்து சொல்லுங்கள்.

நீலவாசல்

கோடு அப்படியே இருக்கிறது.